வாயப்பயம்

யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தமிழின் சிறப்பு ழகரத்தைக் காப்பாற்றப் புறப்பட்டு, ஒரு பெரியவரின் பல் செட்டை ராவி ராவி ஜன்னல் கண்ணாடி ஆக்கியவன் நான்தான். மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. நான் மொழிக்காக அடுத்தவர் பல்லைக் கொடுத்தேன்.

பல் செட் செய்கிறவர்களான நம் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி நம் இளையவர்கள் கேட்டார்கள். இப்போது பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டுச் சுழற்றினால் தாடை கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறதாம். மெழுகும் வேண்டாம், பிளாஸ்டரும் வேண்டாம். "இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல எப்படிண்ணே தப்பே வராம பண்ணீங்க?" என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டான். எனக்குப் புரையேறிவிட்டது. அந்தத் தம்பிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் தொழிலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் டென்டல் மெக்கானிக். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், தெரியும். "மெக்கானிக்கா? எந்தக் கம்பெனி?" என்றார் வீட்டுக்காரர். பல் சம்பந்தப்பட்ட வேலை என்றேன். அவர் பல்சக்கரம் என்று எடுத்துக்கொண்டு, ஸ்டார்ட் ஆகாத தன் ஸ்கூட்டரை என் முன்னால் தள்ளிவந்து நிறுத்தினார். அட்வான்ஸைக் குறைப்பார் என்ற ஆசையில் நானும் குனிந்து பார்த்தேன். அவர் அட்வான்ஸைக் குறைக்கவில்லை, ஸ்கூட்டரும் ஸ்டார்ட் ஆகவில்லை.

படித்த கதையை நீட்டப்போவதில்லை. பிளாஸ்டர் கரைத்தேன், மெழுகு உருக்கினேன், விரலைச் சுட்டுக்கொண்டேன், சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதன்பிறகு பல வருஷம் நாகர்கோவிலில் ஒரு லேப். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதில் பிளாஸ்டர் ஊற்றினால் தாடை வரும். அந்தத் தாடைகள்தான் என் உலகம். இவர் வெற்றிலை போடுகிறவர், இவர் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர் என்று தாடையைப் பார்த்தே சொல்லுவேன். ஆனால் எந்தத் தாடையும் என்னிடம் பேசினதில்லை. எல்லாத் தாடையும் எங்கள் ஊர்த் தமிழ்தான் பேசும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்த் தமிழில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. வாழையில் மட்டி, செவ்வாழை, ஏத்தன், பாளையங்கோடன், பேயன் என்று வகைவகையாக வைத்திருக்கிற மண். வாழைப்பழத்தைத் தின்னவும் தெரியும், சொல்லவும் தெரியும் என்பது என் அபிப்பிராயம். என் மனைவிக்கு மண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து நாங்கள் வடக்கே வந்தபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தக் கொழுப்பையும் கட்டிக்கொண்டு வந்தேன். அது இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ.

நான் சேர்ந்தது டாக்டர் குளோரியின் கிளினிக்கில். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனபிறகு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அம்மா அதைத் திறந்திருந்தார். முன்னால் வெயிட்டிங் பெஞ்ச், நடுவில் நாற்காலி, பின்னால் என் லேப். லேப் என்றால் ஒரு மேஜை, ஒரு ஸ்டவ், ஒரு அலுமினியப் பாத்திரம், ராவுகிற மோட்டார் ஒன்று.

டாக்டரம்மாவுக்குப் பேச்சு ரொம்பச் சிக்கனம். ஒரு செட்டை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார், கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவுவார். பிறகு தட்டில் வைப்பார். பல் மேலே பார்க்க வைத்தால் பாஸ். குப்புற வைத்தால் மறுபடி செய்ய வேண்டும். ஏன் என்று சொல்லமாட்டார், நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாதத்தில் என் செட்டுகள் பெரும்பாலும் குப்புறத்தான் கிடந்தன. அம்மாவுக்குப் பல்லைப் பார்க்கக் கூச்சமோ என்றுகூட நினைத்தேன்.

வயதானவர்கள் வந்தால் அவர் செய்கிற முறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பல் கட்டணும் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். அம்மா அதைக் காதில் வாங்காதவர் மாதிரி, துணியால் நாக்கைப் பிடித்து இடது பக்கம் இழுப்பார், வலது பக்கம் இழுப்பார், தூக்கி அடியில் பார்ப்பார், கன்னத்தைப் பிதுக்கி உள்ளே பார்ப்பார். புகையிலை அடக்குகிற பக்கம் எது என்று கேட்டு, அங்கே இன்னொரு தடவை விரல் வைத்துப் பார்ப்பார். வெள்ளையாகவோ தடிப்பாகவோ ஏதாவது தட்டுப்பட்டால் பல் பேச்சே கிடையாது, நேராகக் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிடுவார். ஒன்றும் இல்லையென்றால்தான், "ம், இப்போ பல்லைப் பாப்போம்."

செட் கொடுத்து அனுப்பும்போது எல்லோரிடமும் ஒரே வாசகம்: "ராத்திரி கழட்டித் தண்ணியில போடுங்க. ஈறும் தூங்கணும்." இதை யாரும் கேட்டதில்லை. மண்ணூரிலிருந்து அருளப்பன் என்று ஒரு பெரியவர் வருவார். அவர் சாப்பிடும்போது பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போட்டுக்கொள்வார். தலைகீழாக இருக்கிறதே பெரியவரே என்றேன். "சாமி முன்னாடி பல்லு இல்லாம நிக்கக் கூடாது தம்பி. சோறு ஒண்ணும் சொல்லாது" என்றார். 

பேசாத டாக்டரம்மா தாராளமாகப் பயன்படுத்துகிற ஒரு சொல் உண்டு: வரப்பு. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்குப் பசையோ கொக்கியோ கிடையாது. உள்ளே காற்றுப் புகாமல் இருந்தால் நிற்கும், அவ்வளவுதான். அதற்குச் செட்டின் பின்பக்க ஓரத்தில், உள்நாக்குக்கு முன்னால், மெல்லிய மேடு ஒன்று குறுக்காக ஓடும். அதற்குப் புத்தகத்தில் நீளமான பெயர் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் நெல் போட்டவர்கள் என்பதால் அம்மா அதற்கு வரப்பு என்று பெயர் வைத்திருந்தார். "வரப்பு இருக்கறவரைக்கும்தான் பல்லு நிக்கும்" என்பார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது.

இனி நம் ஆளுக்கு வருகிறேன்.

வல்லம் வடகாலிலிருந்து காக்கிச் சட்டையோடு வந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. கூடவே அவர் மனைவி கன்னியம்மா.

"பேர் என்ன பெரியவரே?" என்றேன்.

"ஏயுமல."

பல்லே இல்லாத வாய். இருந்த நாலைந்தும் ஆடிக்கொண்டிருந்ததால் அம்மா சில மாதங்களுக்கு முன்பே பிடுங்கி, ஈறு ஆறட்டும் என்று அனுப்பியிருந்தார். அது நான் வருவதற்கு முன்னால். நான் சீட்டில் ஏழுமலை என்று எழுதிக்கொண்டேன். ஐயோ பாவம், பல் போனதும் ழ போய்விட்டது என்று மனதுக்குள் இரங்கிக்கொண்டேன்.

என்னுடைய ஆராய்ச்சி அறிவையும் இங்கே சொல்ல வேண்டும். ஓட்டலில், டீக்கடையில் எல்லாம் 'வாயப்பயம்', 'மயை' என்ற சத்தம் காதில் விழத்தான் செய்தது. கம்பெனியில் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பையன்கள் கிளினிக்குக்கு வந்து 'வாளப்பளம்' என்பார்கள். ழவை ள ஆக்கினால் சோம்பல், ய ஆக்கினால் பல் கோளாறு என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். இந்த வட்டாரத்தில் நமக்குத் தொழில் நன்றாக ஓடும் என்று ஊருக்குக் கடிதமே எழுதினேன்.

ஏழுமலைக்குப் பல் ஏன் அவசரம் என்பதை அவர் மனைவிதான் சொன்னார்.

"ஒரகடம் ரோட்ல ஒரு கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா கீறாரு. பல்லு போனதுலேர்ந்து விசில் ஊத முடியல. ஊதினா எச்சிதான் வருது."

"காத்தும் வருது" என்றார் ஏழுமலை.

"சூப்பர்வைசரு சொல்லிட்டாரு, ஆயுத பூஜைக்குள்ள விசில் சத்தம் கேக்கலன்னா கேட்டுக்கு வேற ஆளாம். இவுர கேன்டீனுக்குப் பின்னாடி போட்டுடுவாராம்."

"அங்க என்ன வேலை?" என்றேன்.

"எச்சில் எலைக்கு வர்ற நாய தொரத்துற வேல" என்றார் ஏழுமலை. "அதுக்கு விசில் வேணாம். கல்லு போதும்."

கேட்டில் நிற்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதையும் கன்னியம்மாவே சொன்னார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவருடைய தம்பி தேசிங்கு லாரி வைத்திருக்கிறான். அந்தக் கம்பெனிக்குத்தான் லோடு அடிக்கிறான். கேட்டில் வண்டியை நிறுத்தி பாஸ் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது சட்டம். மாமா கை காட்டினால் தேசிங்கு நிறுத்துவதில்லை. மாமா ஊதினால் காற்று வருகிறது. தேசிங்கு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா மாமா, அடுப்பு ஊதுறியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். கேட்டில் நிற்கிற மற்ற ஆட்கள் எல்லாம் இப்போது ஏழுமலையை அடுப்பு என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

"ஒரே ஒரு வாட்டி அவன் வண்டிய நிறுத்தணும் தம்பி" என்றார் ஏழுமலை. "அப்புறம் நாய்கிட்ட போட்டாலும் போறேன்."

அம்மா நாக்கைத் தூக்கிப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். "ம்" என்றார். வேலை ஆரம்பமானது.

அச்சு எடுத்தோம், தாடை வந்தது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே சேருகிறது என்று பார்க்கக் கடி எடுக்கும்போது நான் பின்னாலிருந்து, "நல்லாக் கடிங்க பெரியவரே" என்று உற்சாகப்படுத்தினேன். அவர் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக் கடித்தார். பல் இல்லாதவர்களை நன்றாகக் கடி என்றால் தாடை முன்னால் போகும். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். "எச்சில் முழுங்குங்க" என்றார் அவரிடம். முழுங்கும்போது தாடை தானாகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. இளையவர்களே, கேமரா வைத்துக்கொண்டாலும் இதை மறக்காதீர்கள்.

செட் முடிந்தது. பாலிஷ் போட்டேன். அன்றைக்கு அம்மா சாமான் வாங்கச் சென்னை போயிருந்தார். "முடிச்சு வை. நான் வந்து போடுறேன்" என்பது கட்டளை. ஏழுமலை காலையிலேயே கன்னியம்மாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஷிப்டுக்குப் போகணும், ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்றார். பெரியவர் கேட்கிறார், என் கையில் பல் இருக்கிறது. நான் என்ன செய்வேன்? போட்டேன்.

பிரமாதமாக உட்கார்ந்தது. கன்னம் நிமிர்ந்தது. கன்னியம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். புதுப் பல் போட்டால் பேச்சைச் சோதிக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்து தொலைத்தது.

"பேரைச் சொல்லுங்க பெரியவரே."

"ஏயுமல."

"வாழைப்பழம் சொல்லுங்க."

"வாயப்பயம்."

ஆஹா, அண்ணத்தில் கனம் அதிகம், நாக்கு வளைய இடமில்லை என்று எனக்குப் பளிச்சென்று விளங்கியது. கழற்றி, மோட்டாரைப் போட்டு அண்ணப் பக்கத்தை ராவினேன். போட்டேன்.

"வாழைப்பழம்."

"வாயப்பயம்."

ராவினேன்.

"மழை, கிழவி, கோழி."

"மயை, கெயவி, கோயி."

அவரும் பாவம், ஒவ்வொரு தடவையும் பரீட்சை எழுதுகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார். நானும் ராவுகிறேன். ழ சொல்லும்போது நாக்கு பின்னால் மடிகிறதே, அப்படியென்றால் கோளாறு பின்பக்கம் என்று எனக்கு அடுத்த ஞானோதயம் வந்தது. பின்பக்க ஓரத்தில் மேடாக ஏதோ இடிக்கிறது. அதையும் எடுத்தேன். ஆமாம், வரப்பைத்தான்.

"இப்போ சொல்லுங்க."

"வாயப்பயம்."

"ழ, பெரியவரே, ழ. நாக்கை மடிச்சு. வா-ழை."

"அத்தத்தான் தம்பி நானும் சொல்லிகினு கீறேன். வா-யை."

கன்னியம்மா பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். அவருக்குப் பாக்குக் கறையோடு முப்பத்திரண்டும் இருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு அவுர இந்தப் பாடு படுத்துற? வாயப்பயம்னா வாயப்பயம்தான? நானும் அப்படித்தான் சொல்லுவேன். எங்க ஊரே அப்படித்தான் சொல்லும். எனுக்கும் ராவுவியா?"

எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. டீக்கடைக்காரர், ஓட்டல்காரர், வீட்டுக்காரர் என்று எல்லோர் முகமும் வரிசையாக வந்தது. எல்லோருக்கும் பல் இருந்தது.

"போச்சாது வுடு" என்று ஏழுமலையே என்னைத் தேற்றிவிட்டு, "விசில் வருதா பாப்போம்" என்று கழுத்து விசிலை எடுத்து மூச்சை இழுத்து ஊதினார். மேல் செட் கழன்று விசிலை முந்திக்கொண்டு வெளியே வந்து கன்னியம்மாவின் காலடியில் விழுந்தது. அவர் அதைத் தலைப்பால் எடுத்து என் கையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அண்ணத்தின் வழியாக எதிர் பஸ் ஸ்டாப் தெரிந்தது.

மத்தியானம் அம்மா வந்தார். உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் ஓரமாகப் போய், வரப்பு இருந்த இடத்தில் நின்றது. நடந்ததைச் சொன்னேன். வாழைப்பழம், கோழி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தார், தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. பிறகு செட்டைத் தட்டில் குப்புற வைத்தார். தட்டையும் குப்புறக் கவிழ்த்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ராஜமணி."

"அம்மா."

"நீ காரணமா அவர் நாய் துரத்தக் கூடாது."

ஆயுத பூஜை கிட்டே வந்துவிட்டது. ஒட்டுப்போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் புது அச்சு எடுக்கிற தட்டைக் கையில் எடுத்தார். மேல் செட் மாறினால் கடியும் மாறும், அதனால் கீழ்ச் செட்டும் புதிதாகத்தான். முதலில் மேலே. அந்த அச்சில் நான் அடித்தளம் செய்து, பல் வருகிற இடத்தில் மெழுகால் சின்னச் சுவர் கட்டினேன். அதை ஏழுமலையின் வாயில் மாட்டி உதட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கீழ்த்தாடைக்கு வந்தார்.

கீழ்த்தாடைதான் நம் தொழிலில் அழவைக்கிற இடம். வயதானால் ஈறு மேடு தேய்ந்து தரையாகிவிடும், செட் ஓடம் மாதிரி மிதக்கும். கன்னமும் நாக்கும் எங்கெங்கே அசைகிறதோ அதற்கு இடம் விட்டு ஓரம் அமைத்தால்தான் நிற்கும். அதற்காக, வெந்நீரில் இளக்கின காம்பவுண்ட் என்கிற அரக்கை அச்சுத் தட்டின் ஓரம் முழுக்க வைத்து வாயில் மாட்டி, "உதட்டைக் குவிங்க, சிரிங்க, நாக்கை நீட்டுங்க" என்போம். எல்லோருக்கும் அதே மூன்றுதான். அம்மா அன்றைக்கு அந்த மூன்றையும் சொல்லவில்லை. விசிலுக்கு இடைஞ்சலாக நீட்டிக்கொண்டிருந்த கீழ் அச்சுத் தட்டின் கைப்பிடியை என்னை வெட்டிவிடச் சொன்னார், காம்பவுண்ட் இளகினதும் உள்ளே வைத்தார்.

"விசில் இருக்கா?"

ஏழுமலை தலையாட்டினார். பேச முடியாது, வாய் நிறைய நாங்கள்.

"கடிக்காதீங்க, உதட்டால பிடிங்க. கேட்ல எப்படி ஊதுவீங்களோ அப்படி ஊதுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வாய் செய்யப்போகிற வேலை விசில் ஊதுவது. ஓரமும் அதற்குத்தான் அமைய வேண்டும்.

ஏழுமலை ஊதினார். காற்று வந்தது. மறுபடி ஊதினார். எச்சில் வந்தது. அம்மா உதட்டோரத்தை விரலால் லேசாக உள்ளே தள்ளிப் பிடித்தார். மூன்றாவது தடவை ஊதினபோது, பீப் என்று சத்தம் வந்தது. அவருக்கே நம்பிக்கை இல்லை. கண் பெரிதாகி, எங்கே ஓடிப்போய்விடுமோ என்று இன்னொரு தடவை பீப் என்று ஊதினார்.

கிளினிக் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என்று சொன்னேன் இல்லையா? ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். இது தமிழ்நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும், ஓட்டுநருக்குத் தெரியாதா? வெளியே நின்றிருந்த டவுன் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது. கண்டக்டர் டீக்கடையில் இருந்தார்.

கொஞ்ச தூரம் பஸ்ஸைத் துரத்திப் பார்த்துவிட்டு அவர் நேராக எங்களிடம் வந்தார். "எவன்டா அவன் விசில் ஊதினது?" நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட கிழவர் ஒருவர், வாயிலிருந்து பழுப்பாகக் காம்பவுண்ட் எட்டிப்பார்க்க, கையில் விசிலோடு உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அம்மா திரும்பி, திறந்தபடி இருந்த அவர் வாயை ஒரு பார்வை பார்த்தார்.

"பல்லுல காரை கட்டியிருக்கு. ஈறு வீங்கியிருக்கு. வியாழக்கிழமை வாங்க."

கண்டக்டர் சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு, வழியில் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். சொன்னபடி வியாழக்கிழமை வரவும் செய்தார்.

அச்சு வெளியே வந்தபோது ஓரத்தில் விசில் ஊதுகிற கன்னத்தின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. அதற்கப்புறம் நான் ஒரு மனிதனாக வேலை செய்தேன். பல் அடுக்கினேன். வரப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் காப்பாற்றினேன். செட்டின் ஈறாகிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கை வேகவைக்கும்போது மட்டும் அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவசரத்தில் நான் தீயைக் கூட்டிவிடுவேனாம். கூட்டினால் உள்ளே குமிழ் விழும். கூட்டுகிற யோசனை எனக்கு இருந்ததா என்று கேட்காதீர்கள்.

பூஜைக்கு முந்தின நாள் செட்டைக் கொடுத்தோம். அம்மா உள்ளங்கையில் வைத்தார், ஓரம் தடவினார். தட்டில் வைத்தார். பல் மேலே பார்த்தது. பிறகு வாயில் மாட்டிவிட்டு, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, உங்க பேரு?"

"ஏயுமல."

"சரியா இருக்கு."

புதுப் பல் பழகுவதற்கு முன்னால் ஊத வேண்டாம், முதலில் கஞ்சி குடித்து, பிறகு இட்லி தின்று, அப்புறம் விசில் என்றார். ஏழுமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாளைக்கே கேட்டில் ஊதிக் காட்ட வேண்டிய மனிதர். வாசல் தாண்டினதும் கை விசிலுக்குப் போனதை நான் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஊதினாரா, கேட்டில் இருக்கிறாரா, நாயோடு இருக்கிறாரா என்று ஒரு சேதியும் இல்லை. கன்னியம்மாவும் வரவில்லை. பூஜை லீவு முடிந்தது. அந்த வாரமே அதே கம்பெனியில் பல் பரிசோதனை முகாம் வைத்தார்கள். காலையில் கம்பெனி கார் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கருவிப் பெட்டியை ஸ்டெரிலைஸ் செய்து எடுத்துக்கொண்டு பின்னால் வர வேண்டியது நான். ஒரகடம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் வலித்து, வந்த லாரி ஒன்றுக்குக் கை காட்டினேன். நின்றது. முன்னால் பூஜைக்குக் கட்டின வாழைக்கன்று வாடிப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"எங்க சார்?" என்றான் ஓட்டிக்கொண்டிருந்தவன்.

கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"ஏறு. நானும் அங்கதான். அந்த வாயக்கன்னு கண்ண மறைக்குது, அவுக்க டைம் இல்ல."

போகிற வழியில் பேச்சுக் கொடுத்தான். கேட்டில் பாஸ் எல்லாம் கேட்பார்களா என்றேன். சிரித்தான்.

"கேட்ல எங்க மாமாதான் கீறாரு. ஊதினா பூன பால் குடிக்கிற மாதிரி சத்தம் வரும். நான் நிறுத்தறதே இல்ல. லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் மொத ட்ரிப்பு, அடுப்பு எரியுதா பாப்போம்."

தேசிங்கு. பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் யார் என்று சொல்லவில்லை.  அங்கே நிற்பது வேறு ஆளாக இருந்தால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

கேட் தெரிந்தது. காக்கிச் சட்டை ஒன்று நின்றது. யார் என்று கண்ணுக்குப் புலப்படவில்லை. தேசிங்கு வேகத்தைக் குறைக்கவில்லை.

விசில் சத்தம் வந்தது. ஒரே ஒரு தடவை, நீளமாக. முதுகுத்தண்டில் இறங்குகிற சத்தம். தேசிங்கின் கால் அவனைக் கேட்காமலேயே பிரேக்கில் போய் விழுந்தது. வாழைக்கன்று முறிந்து பம்பர் மேல் சாய்ந்தது. கேட்டில் நின்ற ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழுமலை அவசரப்படாமல் நடந்துவந்தார். விசிலை உதட்டிலிருந்து எடுத்தார். மேல் செட் அசையவில்லை.

"பாஸு."

தேசிங்கு சட்டைப்பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். ஏழுமலை அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

பிறகு என் பக்கம் வந்து நின்றார். என் பாஸ் டாக்டரம்மாவின் கைப்பையில், முகாமுக்குள் இருந்தது. ஆனால் எனக்கென்ன கவலை? அந்த வாய்க்குள் இருப்பது என் கைவேலை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, "பெரியவரே, நான்தான், பல்லு டாக்டரம்மாகிட்ட இருக்கிற ராஜமணி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பல்லக் காட்டாத தம்பி, பாஸக் காட்டு."